சமூக அறிவியல் வகுப்பில் குழுக் கற்றலும் விவாதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்நிலை வகுப்புகளில் வரலாறு, குடிமையியல், புவியியல், பொருளியல் நடத்தும் ஆசிரியர்கள் இந்த முறைக்குள் வரும்போது கேட்கும் கேள்விகளையும், பெற்றோர்கள் கேட்கும் ஒன்றிரண்டையும் இங்கே சேர்த்திருக்கிறோம். வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை. நேரம் குறைவாக இருந்தால் ஜிக்சா முறை, ஒரு விவாதத்தை முதலிலிருந்து கடைசிவரை நடத்துவது என்ற இரண்டை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

மாணவர் மையக் கற்றல் என்றால் ஆசிரியர் பாடமே நடத்தக் கூடாதா?

தாராளமாக நடத்தலாம், நடத்தியும் ஆக வேண்டும். முதல் உலகப் போர் எப்போது தொடங்கியது, யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதே தெரியாத வகுப்பிடம் போய் 'போருக்கு யார் பொறுப்பு?' என்று கேட்டால் கூச்சல்தான் மிஞ்சும். தெரியாத விஷயத்தைப் பற்றி யாராலும் உருப்படியாகப் பேச முடியாது. பின்னணியை ஆசிரியர் சொல்லட்டும், வரைபடத்தைக் காட்டட்டும், ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிப் போடட்டும்.

கவனிக்க வேண்டியது, அந்தப் பாடவேளையில் யோசிக்கும் வேலையை யார் செய்கிறார்கள் என்பதைத்தான். காரணங்களைத் தேடுவது, அவற்றில் முக்கியமானதைப் பிரிப்பது, ஒரு முடிவுக்கு வருவது என எல்லாவற்றையும் ஆசிரியரே செய்து முடித்து, மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டால், பாடத்தைக் கற்றவர் ஆசிரியர் ஒருவர்தான். முதல் 15 நிமிடம் நீங்கள் பேசிவிட்டு, மிச்ச நேரத்தில் அந்த மூன்று வேலைகளையும் மாணவர்கள் கையில் கொடுத்தால் போதும். அதற்கு மேல் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை.

மற்ற பாடங்களைவிட சமூக அறிவியலுக்கு இது ஏன் பொருந்துகிறது?

இந்தப் பாடமே வாதங்களால் ஆனது என்பதால். முதல் உலகப் போருக்குப் பின் 1919-ல் ஜெர்மனியோடு கையெழுத்தான வெர்சாய் அமைதி உடன்படிக்கையின் 231-ஆம் பிரிவு, போரால் விளைந்த சேதங்களுக்கு ஜெர்மனியையும் அதன் கூட்டாளிகளையும் பொறுப்பாக்கியது. அது சரியா என்று அன்றே சர்ச்சை. போர் மூண்டதற்கு யார் காரணம் என்பதில் வரலாற்று அறிஞர்கள் இன்றும் ஒரே முடிவுக்கு வரவில்லை. குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் வேலைகள் குறையுமா என்பதில் பொருளியலாளர்கள் வேறுபடுகிறார்கள். பெரிய அணை கட்டலாமா என்று கேட்டால் புவியியலும் குடிமையியலும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படி உயிரோட்டமாக இருக்கும் ஒரு துறையை முடிந்துபோன விடைகளின் பட்டியலாக மாணவர்களிடம் கொடுத்துவிட்டு, 'சமூக அறிவியல் வெறும் மனப்பாடம்' என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு நாம் வருத்தப்படுகிறோம். அவர்கள் அப்படிச் சொல்வதில் தவறே இல்லை. நாம் கொடுத்தது அதைத்தான்.

நான்கு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் அது குழுக் கற்றலாகிவிடுமா?

ஆகாது. 'குழுவாகச் சேர்ந்து இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்' என்று சொன்னால் ஒருவர் எழுதுவார், மூன்று பேர் பார்த்து எழுதுவார்கள். அதை சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. கொடுத்த வேலையே ஒருவர் போதும் என்று சொல்கிறது.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துச் செய்த சோதனைகளை 1913-ல் வெளியிட்டார். ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்துகொண்டே போனதை அதில் காட்டினார். யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று தெரியாத இடத்தில் இது இயல்பாக நடக்கும். குழுக் கற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த ராபர்ட் ஸ்லேவின் வலியுறுத்தியது இரண்டு நிபந்தனைகளை: குழுவுக்குப் பொதுவான ஓர் இலக்கு இருக்க வேண்டும், அந்த இலக்கை அடைவது ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டதைப் பொறுத்து இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் குழு வெறும் இருக்கை ஏற்பாடாகிவிடும்.

எனவே வேலையைத் தயாரிக்கும்போதே ஒரு சோதனை வையுங்கள். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் மாணவர் இதைத் தனியாக, மற்றவர் உதவி இல்லாமல், குறித்த நேரத்தில் முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அது குழுவுக்கான வேலை இல்லை. தனியாகவே கொடுத்துவிடுங்கள்.

ஜிக்சா முறை என்று சொல்கிறார்களே, அதை எப்படி நடத்துவது?

மேலே சொன்ன சோதனையில் தேறும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1971-ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் தன் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கியது. அதுவரை இனவாரியாகப் பிரிந்து படித்த குழந்தைகள் அப்போதுதான் ஒரே வகுப்பில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். வகுப்பில் எப்போதும் போட்டி, பகைமை, ஒதுக்கல். ஆரன்சன் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தார். பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காவிட்டால் பாடத்தின் ஒரு பகுதி கிடைக்கவே கிடைக்காது. ஒருவரையொருவர் மதித்தாக வேண்டிய நிலைமையை வேலையே உண்டாக்கியது.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். பாடம் தொழிற்புரட்சி. மையக் கேள்வி: '1833-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளைக் காப்பாற்றியதா?' வகுப்பை நான்கு பேர் கொண்ட சொந்தக் குழுக்களாகப் பிரிக்கிறோம். குழுவில் ஆளுக்கு ஒரு தாள்.

முதல் தாளில் 1832-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஆலைத் தொழிலாளர்கள் கொடுத்த சாட்சியங்களிலிருந்து ஒரு பகுதி. இரண்டாவதில் ஆலை முதலாளிகளின் எதிர்வாதம்: அந்த விசாரணை ஒருதலைப்பட்சமானது, வேலை நேரத்தைக் குறைத்தால் வெளிநாட்டுப் போட்டியைச் சமாளிக்க முடியாது என்று அவர்கள் சொன்னார்கள். மூன்றாவது தாள் சட்டத்தின் விதிகள்: பெரும்பாலான துணி ஆலைகளில் 9 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கத் தடை, 9 முதல் 13 வயது வரை நாளுக்கு 9 மணி நேரம்தான், 13 முதல் 18 வரை 12 மணி நேரம், சிறுவர்களுக்குத் தினமும் 2 மணி நேரப் படிப்பு. நான்காவது தாள் அமலாக்கம் பற்றியது. நாடு முழுவதற்கும் சேர்த்து 4 ஆய்வாளர்கள். பிறப்புச் சான்று வழக்கத்தில் இல்லாத காலத்தில் ஒரு பிள்ளையின் வயதை எப்படி நிரூபிப்பது என்ற சிக்கலும் இருந்தது.

அடுத்து, ஒரே தாள் கிடைத்தவர்கள் எல்லாரும் தனியாகக் கூடுகிறார்கள். இதை நிபுணர் குழு என்பார்கள். தாளை வாசித்து, மற்றவர்களுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் சொந்தக் குழுவுக்குத் திரும்பி, ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம் விளக்குகிறார்கள். விளக்கும்போது தாளைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அப்படியே வாசித்துவிடுவார்கள். நான்கு துண்டும் சேர்ந்த பிறகுதான் மையக் கேள்விக்குப் பதில் தேட முடியும். சட்டம் வந்துவிட்டது என்று மூன்றாவது தாள்காரர் சந்தோஷப்படும்போது நான்காவது தாள்காரர் '4 பேர்தான்' என்று சொல்வார். அந்த நொடியில் குழுவில் வரும் அமைதியும் அதற்குப் பின் கிளம்பும் பேச்சும்தான் நாம் தேடும் பாடம்.

ஒரு எச்சரிக்கை. நிபுணர் குழுவில் தவறாகப் புரிந்துகொண்டால் அந்தத் தவறு எல்லாக் குழுக்களுக்கும் பரவிவிடும். ஆகவே ஆசிரியர் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் நிபுணர் குழுக்களின் பக்கத்தில். ஒவ்வொரு குழுவையும் 'இதில் மிக முக்கியமான இரண்டு விஷயங்கள் என்ன?' என்று கேட்டுச் சரிபார்த்த பிறகே திருப்பி அனுப்புங்கள். யாராவது வரவில்லை என்றால் இரண்டு தாள்களை ஒருவருக்கே கொடுக்காமல், வேறொரு குழுவின் நிபுணரைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

குழுவில் எத்தனை பேர்? யார் பிரிப்பது?

நான்கு. ஐந்து பேர் என்றால் ஒருவர் வெளியே நழுவிவிடுகிறார், மூன்று பேரில் இரண்டு பேர் ஒன்றாகிவிடுகிறார்கள். பிரிப்பது ஆசிரியர் பொறுப்பு. 'உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்' என்று விட்டால், கடைசியில் யாரும் கூப்பிடாமல் நிற்கும் அந்த ஒரு பிள்ளையை நாமே வகுப்பின் முன் நிறுத்தியதாகிவிடும். நான்கைந்து வாரத்துக்கு ஒரு முறை குழுக்களை மாற்றுங்கள்.

ஒருவரே எல்லாவற்றையும் செய்கிறார். என்ன செய்யலாம்?

முதல் வழி எளிது. குழுவின் சார்பில் யார் பேசுவார் என்பதை முன்கூட்டியே சொல்லாதீர்கள். வேலை முடிந்த பிறகு '3-ஆம் எண் எழுந்திருங்கள்' என்று சொன்னால், எல்லாருக்கும் புரியவைக்கும் பொறுப்பு குழுவுக்கு வந்துவிடும்.

இரண்டாவது கொஞ்சம் ஆழமானது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த சமூகவியலாளர் எலிசபெத் கோஹன், குழுவில் யார் பேசுகிறார், யார் பேச்சு எடுபடுகிறது என்பது பெரும்பாலும் 'அந்தஸ்து' சார்ந்தது என்று காட்டினார். நன்றாகப் படிப்பவர், எல்லாருக்கும் பிடித்தவர், நன்றாக ஆங்கிலம் பேசுபவர் என்று வகுப்பு யாரை மனதில் வைத்திருக்கிறதோ, அவர் சொன்னால் சரி என்று ஆகிவிடுகிறது. மற்றவர் அதையே சொன்னாலும் காதில் விழுவதில்லை. அப்படி இரண்டு முறை ஆனால் அந்தப் பிள்ளை மூன்றாவது முறை வாயைத் திறக்காது.

கோஹன் சொன்ன தீர்வு அருமையானது. ஒதுங்கி நிற்கும் மாணவர் உண்மையிலேயே நல்லதாக ஒன்றைச் செய்யும் நேரத்துக்காக ஆசிரியர் காத்திருக்க வேண்டும். செய்ததும், எல்லார் காதிலும் விழும்படி, குறிப்பாகச் சொல்ல வேண்டும். 'சபாஷ்' என்றால் போதாது. 'இந்த வரைபடத்தில் ரயில் பாதை எல்லாம் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குத்தான் போகிறது, ஊர்களை இணைக்கவில்லை என்று இவன் கவனித்திருக்கிறான். உங்கள் குழுவின் விடைக்கு இது தேவைப்படும்' என்று சொல்ல வேண்டும். பாராட்டு பொய்யாக இருந்தால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். வேலையில் படிப்பது, எழுதுவது மட்டுமின்றி வரைபடம், படம், எண்கள், பேட்டி என்று பல திறமைகளுக்கு இடம் இருந்தால்தான் இப்படிப்பட்ட தருணங்கள் கிடைக்கும்.

பேசவே பேசாத மாணவர்களை என்ன செய்வது?

முதலில் நம் அவசரத்தைக் குறைப்போம். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பின் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தார். அதை 3 நொடி அல்லது அதற்கு மேல் ஆக்கியபோது பதில்கள் நீண்டன, புதிய மாணவர்கள் பேச ஆரம்பித்தார்கள், மாணவர்களே கேள்வி கேட்பதும் கூடியது. மூன்று நொடி மௌனம் வகுப்பில் நிற்கும்போது மிக நீளமாகத் தோன்றும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, 1981-ல் பிராங்க் லைமன் முன்வைத்த எளிய முறை: முதலில் தனியாக யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல், அதன் பிறகு வகுப்புக்குச் சொல். இதில் நான் ஒன்றைச் சேர்ப்பேன். யோசிக்கும் நேரத்தில் ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள். கையில் எழுதியது இருந்தால் கூச்சப்படுபவருக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

பேசாமலிருப்பது குற்றமில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம். சிலர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வகுப்பிலேயே சிறந்த கட்டுரையை எழுதுவார்கள்.

விவாதத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. 'போர் நல்லதா, கெட்டதா?' போன்ற தலைப்பில் எல்லாரும் ஒரே பக்கம்தான் இருப்பார்கள். எதிர்த்தரப்பில் உட்கார்ந்தவர்கள் தாங்களே நம்பாததைக் கத்திச் சொல்வார்கள். 'தொழில்நுட்பம் வரமா, சாபமா?' என்பதும் அப்படியே. எதையும் படிக்காமல் ஒரு மணி நேரம் பேசிவிடலாம்.

நல்ல தலைப்பில் சிந்திக்கும் மனிதர்கள் நியாயமாகவே இரு பக்கமும் நிற்பார்கள். இரு பக்கத்துக்கும் படிக்கச் சான்று இருக்கும். ஒரு முடிவை எடுக்கச் சொல்லும். 'வாக்களிக்கும் வயதை 16 ஆக்கலாமா?' என்பது இந்த வயது மாணவர்களுக்கு மிகப் பொருத்தமானது. பிரேசில் 1988-ல், ஆஸ்திரியா 2007-ல், அர்ஜென்டினா 2012-ல் 16 வயதினருக்கு வாக்குரிமை கொடுத்தன. பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் அந்த வயதினர் வாக்களிப்பது அவரவர் விருப்பம். ஆகவே இது கற்பனைக் கேள்வி இல்லை, எடுத்துக்காட்டுகளோடு பேசலாம்.

இன்னொன்றை மிகக் கவனமாகப் பிரிக்க வேண்டும். எல்லாக் கேள்வியும் திறந்த கேள்வி இல்லை. யூத இனப்படுகொலை நடந்ததா என்பது விவாதப் பொருள் இல்லை. புவி சூடாவதற்கு மனிதச் செயல்பாடுகள் காரணமா என்பதும் இல்லை. சான்றுகள் அவற்றை முடித்துவைத்துவிட்டன. இவற்றுக்கு இரண்டு பக்கம் வைத்து விவாதம் நடத்தினால், பொய்க்கும் உண்மைக்கும் சம நாற்காலி போட்டதாகிவிடும். ஆனால் கார்பன் வரி விதிக்கலாமா, புவி சூடாவதைத் தடுக்கும் செலவை எந்த நாடுகள் ஏற்க வேண்டும் என்பவை திறந்த கேள்விகள். ஒரு மனிதக் கூட்டத்துக்குச் சம உரிமை உண்டா என்பதையும் ஒருபோதும் தலைப்பாக வைக்காதீர்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பிள்ளை உங்கள் முன்னாலேயே உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு விவாதத்தை முதலிலிருந்து கடைசிவரை எப்படி நடத்துவது?

மேடையில் ஆறு பேர் பேச, ஐம்பது பேர் கைதட்டும் விவாதத்தை இங்கே சொல்லவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சகோதரர்கள் டேவிட் ஜான்சனும் ரோஜர் ஜான்சனும் வகுத்த 'கட்டமைக்கப்பட்ட விவாதம்' என்ற முறையில் வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பேசும். நான்கு பேர் கொண்ட குழு, அதற்குள் இரண்டு ஜோடி.

தலைப்பு: 'வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியை நியாயமாக நடத்தியதா?' இரண்டு ஜோடிகளுக்கும் ஒரே சான்றுத் தொகுப்பைக் கொடுங்கள். அதில் 231-ஆம் பிரிவு இருக்கட்டும். ஜெர்மன் ராணுவம் 1,00,000 பேருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி, 1921-ல் 132 பில்லியன் தங்க மார்க் (மார்க் என்பது அன்றைய ஜெர்மன் நாணயம்) என்று நிர்ணயிக்கப்பட்ட இழப்பீடு, பேச்சுவார்த்தையில் ஜெர்மனிக்கு இடம் தரப்படாதது ஆகியவையும் இருக்கட்டும். மறுபக்கத்துக்கு, போரில் பாழான வட பிரான்சின் படங்கள், 1871-ல் ஜெர்மனி பிரான்சிடமிருந்து எடுத்துக்கொண்ட அல்சாஸ்-லொரைன் பற்றிய குறிப்பு, அப்புறம் 1918 மார்ச்சில் இதே ஜெர்மனி ரஷ்யாவின் மீது சுமத்திய கடுமையான பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கை. இந்தக் கடைசிச் சான்று இல்லாத தொகுப்பில் விவாதம் ஒரு பக்கமாகவே சாய்ந்துவிடும்.

ஒவ்வொரு ஜோடியும் தன் தரப்புக்கு வலுவான மூன்று சான்றுகளைத் தேர்ந்தெடுக்கிறது. 'நியாயமற்றது' ஜோடி முதலில் பேசுகிறது. எதிரே இருப்பவர்கள் மறுக்கக் கூடாது, குறிப்பு மட்டும் எடுக்க வேண்டும். முடிந்ததும் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர்கள் 'ஆமாம், இதைத்தான் சொன்னோம்' என்று ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த கட்டம். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். என் பார்வையில் முழு முறைக்கும் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. அடுத்தவர் வாதத்தை அவரே தலையாட்டும்படி சொல்லத் தெரிந்தவர்தான் அதை மறுக்கத் தகுதி பெற்றவர்.

பிறகு மற்ற ஜோடி பேசுகிறது, அதே மாதிரி திருப்பிச் சொல்லல். கேள்வி, மறுப்பு. அதற்கப்புறம் பக்கம் மாற்றுங்கள்: இதுவரை எதிர்த்தவர்கள் ஆதரிக்க வேண்டும், முன்பு வராத ஒரு சான்றையாவது சேர்க்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் பக்கங்களையே விட்டுவிட்டு, நான்கு பேரும் சேர்ந்து சான்றுகள் தாங்கக்கூடிய ஒரு முடிவை எழுதுகிறார்கள். 'இழப்பீடு அதிகம், ஆனால் அன்றைய வழக்கத்துக்கு மாறானது இல்லை' என்பது போன்ற முடிவுகள் வரும். ஒத்துவராவிட்டால் எந்த இடத்தில் பிரிகிறோம் என்பதை எழுதட்டும். அதுவும் நல்ல விடைதான்.

இரண்டு பாடவேளை வேண்டும். ஒன்றிலேயே அடக்க நினைத்தால் கடைசிக் கட்டம்தான் காணாமல் போகும், அதற்காகத்தான் மற்ற எல்லாமே நடந்தது.

யார் ஜெயித்தார்கள் என்று அறிவிக்கலாமா?

விவாதப் போட்டிக்கு அது சரி. பாட வகுப்பில் வேண்டாம். வெற்றி என்று ஒன்று இருந்தால் மாணவர்கள் தங்களுக்கு எதிரான சான்றை மறைக்கப் பழகுவார்கள். அதற்குப் பதில் விவாதத்துக்கு முன்னும் பின்னும் ரகசியமாக ஒரு சீட்டில் தங்கள் நிலையை எழுதச் சொல்லுங்கள். மாறியவர்களிடம் எந்தச் சான்று மாற்றியது என்று கேளுங்கள். மாறாதவர்களிடம், எதிர்த்தரப்பில் தங்களை அதிகம் தடுமாற வைத்தது எது என்று கேளுங்கள்.

பாத்திரமேற்று நடிப்பது, மாதிரி மாநாடு நடத்துவது பற்றி?

நன்றாக அமையும், ஆனால் எல்லை தெரிய வேண்டும். 1884-85 பெர்லின் மாநாட்டில் 14 நாடுகளின் பிரதிநிதிகள் ஆப்பிரிக்காவைப் பற்றி முடிவெடுத்தார்கள், ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அங்கே இல்லை. மாதிரி மாநாடு நடத்தும்போது, ஆப்பிரிக்க அரசுகளைப் பற்றிப் படித்த ஒரு குழுவைப் பேச அனுமதிக்காமல் ஓரமாக உட்கார வைத்து, கடைசியில் அவர்களை எழுந்து பேசச் சொல்லுங்கள். வகுப்பு அதை மறக்காது.

அதே சமயம் அடிமை வியாபாரம், இனப்படுகொலை, தீண்டாமை போன்றவற்றை நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். ஒருவரைக் கொடுமைக்காரராகவும் ஒருவரைப் பாதிக்கப்பட்டவராகவும் நிறுத்தினால் புரிதல் வளராது, காயம்தான் மிஞ்சும். அங்கே சாட்சியங்களை வாசிப்பதும் அவற்றைப் பற்றி எழுதுவதும் போதும்.

விவாதம் சண்டையாக மாறினால்?

உடனே நிறுத்துங்கள், ஆனால் திட்டாதீர்கள். 'எல்லாரும் பேனாவை எடுங்கள். இப்போது என்ன கருத்து வேறுபாடு என்று இரண்டு வரியில் எழுதுங்கள்' என்று சொன்னால் சூடு தணியும். எழுதியதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

விதிகளை முதல் வாரத்திலேயே மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். கருத்தைத் தாக்கலாம், ஆளைத் தாக்கக் கூடாது. ஒருவர் முடிக்கும் வரை குறுக்கிடக் கூடாது. சான்று கேட்டால் காட்ட வேண்டும். சாதி, மதம், மொழி, பாலினம் வரும் இடங்களில் இன்னும் ஒன்று சேர்கிறது: எந்த மாணவரையும் 'உங்கள் ஆட்கள் சார்பில் நீ சொல்' என்று கேட்கக் கூடாது. அவராக விரும்பிச் சொன்னால் கேட்கலாம்.

ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா?

1976-ல் மேற்கு ஜெர்மனியின் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் அரசியல் கல்வியாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து மூன்று கொள்கைகள் பிறந்தன. மாணவர் சுயமாக முடிவெடுப்பதைத் தடுக்கும் அளவுக்கு ஆசிரியர் தன் கருத்தை அவர் மீது திணிக்கக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்ட வேண்டும். மாணவர் தன் நிலையையும் நலனையும் அலசிப் பார்க்கும் திறனைப் பெற வேண்டும். அரை நூற்றாண்டு ஆகியும் இதைவிடத் தெளிவான வழிகாட்டுதலை நான் பார்க்கவில்லை.

என் பழக்கம் இது. திறந்த கேள்விகளில் விவாதம் முடியும் வரை என் கருத்தைச் சொல்வதில்லை. முடிந்த பின் மாணவர் கேட்டால், காரணத்தோடும், என் நிலைக்கு எதிரான மிக வலுவான வாதத்தோடும் சேர்த்துச் சொல்வேன். தேர்தலில் யாருக்கு வாக்கு என்பதை மட்டும் சொல்வதே இல்லை.

விவாதத்தில் யாராவது தவறான தகவலைச் சொன்னால் திருத்தலாமா?

தகவல் பிழை என்றால் தயங்காமல் திருத்துங்கள். ஆனால் முதலில் 'இதை எங்கே பார்த்தாய்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வி மிரட்டலாக இல்லாமல், எல்லாரிடமும் எப்போதும் கேட்கப்படும் வழக்கமான கேள்வியாக ஆகிவிட வேண்டும்.

இணையத்தில் கிடைத்தது என்றால் ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஸ்டான்போர்டில் சாம் வைன்பர்க் குழுவினர் செய்த ஆய்வில், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பவர்கள் ஒரு தளத்தை உட்கார்ந்து முழுதாக வாசிப்பதில்லை என்று தெரிந்தது. உடனே வேறு டேப்களைத் திறந்து, அந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும் தளத்தை நம்பிவிடும் மாணவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

குழுவுக்கு ஒரே மதிப்பெண் என்பது பிள்ளைகளுக்கு அநியாயமாகப் படும், அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 20 மதிப்பெண் என்றால் 12-ஐ விவாதத்துக்குப் பின் ஒவ்வொருவரும் தனியாக எழுதும் பதிலுக்கு வையுங்கள். 5-ஐ சான்று காட்டியதற்கும் அடுத்தவர் கருத்தைத் திருப்பிச் சொன்னதற்கும், 3-ஐ மட்டும் குழு சேர்ந்து எழுதிய முடிவுக்கும் வைக்கலாம். எத்தனை முறை பேசினார் என்று எண்ணாதீர்கள். எழுதும் பதிலில் எதிர்த்தரப்பின் சிறந்த வாதத்துக்கு ஒரு பத்தி கட்டாயம் என்று சொல்லிவிடுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது? சிலபஸ் முடிய வேண்டாமா?

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். ஆற்றுப் படிவுகளின் வகைகளை நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதுதான் நல்லது. ஒரு பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று முழு விவாதங்கள், அவ்வளவுதான். காரணம், விளைவு, ஒப்பீடு கேட்கும் பெரிய கேள்விகள் எந்தப் பாடங்களிலிருந்து வருமோ, அவற்றை இதற்கு ஒதுக்குங்கள். வாதாடி முடித்த பாடத்தில் நீண்ட விடை எழுத மாணவருக்குத் தனியாக மனப்பாடம் தேவைப்படாது.

எங்கள் வகுப்பில் 60 பேர், பெஞ்சை நகர்த்தவே முடியாது.

முன்பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பி உட்கார்ந்தால் நான்கு பேர் குழு தயார். 15 குழுக்கள் ஒரே நேரத்தில் பேசினால் சத்தம் வரும், வரட்டும். கை தூக்கினால் எல்லாரும் கை தூக்கி அமைதியாக வேண்டும் என்ற ஒரு சைகையை மட்டும் பழக்குங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. சான்றுத் தாளைக் குழுவுக்கு ஒன்று என்று கொடுத்தால் செலவும் குறையும், தலைகளும் ஒன்றாகக் குனியும்.

பெற்றோர் கேட்பது: வகுப்பில் பேசிக்கொண்டே இருந்தால் என் பிள்ளை என்ன படிக்கும்?

உங்கள் கவலை புரிகிறது. நோட்டில் எழுதியது குறைவாகத் தெரியும்தான். வீட்டுக்கு வந்ததும் 'இன்றைக்கு எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை சான்றோடு சொன்னால் பாடம் உள்ளே போயிருக்கிறது. 'தெரியாது, நாங்கள்தான் ஜெயித்தோம்' என்றால் தயங்காமல் ஆசிரியரிடம் வந்து பேசுங்கள்.

நாளைக்கே தொடங்க வேண்டும் என்றால் எங்கிருந்து?

நாளை நடத்தப்போகும் பாடத்திலிருந்து ஒரே ஒரு திறந்த கேள்வியை எடுங்கள். இரண்டு சிறிய சான்றுகளைக் கரும்பலகையில் எழுதுங்கள், ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் நல்லது. இரண்டு நிமிடம் தனியாக எழுதட்டும், மூன்று நிமிடம் ஜோடியாகப் பேசட்டும். பிறகு நான்கைந்து பேரைக் கூப்பிட்டு, அவர்கள் கருத்தைக் கேட்காமல் பக்கத்தில் இருந்தவரின் கருத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதை வாரம் இரண்டு முறை செய்து, கேட்டுச் சொல்லும் பழக்கம் வந்த பிறகு ஜிக்சாவுக்குப் போங்கள். முழு விவாதத்தைப் பருவத்தின் பிற்பாதிக்கு வைத்துக்கொள்ளலாம்.